மிசுரு என்றால் யார்?

என் ஜமீலாக் கண்ணு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. நம் பாஷை தெரிந்தவள் இனி உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய் என்று போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில், அம்பத்தூர் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டே, மேஸ்திரிக்குப் புரியக் கூடாதென்று நாம் உண்டாக்கிய பாஷை. அவருக்கு ஒரு பேர், டீக்கு ஒரு பேர். பெண்ணுக்கு 'மிசுரு' என்று வைத்தோம். எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் என்று அர்த்தம். அர்த்தம் சொன்னது நான். நீ உடனே மடக்கினாய்.

"இன்னாக்கா, ஆம்பள வழிச்சா அவனும் மிசுருதானே?"

"எந்த ஆம்பளடி வழிச்சிகீறான்? அதெல்லாம் செல்லாது."

உன் அத்தா அப்படித்தான் சாப்பிடுவார் என்றாய். நான் சிரித்துவிட்டேன். அதற்காக இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. தாயில்லாத உன்னை அவர்தான் ஆக்கிப் போட்டு வளர்த்தார் என்பது எனக்குத் தெரியாதா? இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

போன வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் வீட்டுக்காரர் மீன் ஆணம் காய்ச்சியிருந்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். உன் பெண்கள் இரண்டு பேருக்கும் போட்டார், எனக்கும் போட்டார். நாங்கள் கை கழுவிய பிறகு, சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"இன்னா கஸ்தூரிக்கா, அப்டி பாக்குறீங்க? உங்க பாஷைல நான் மிசுருதானே? ஜமீலா சொல்லிகீது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ரகசியத்தை எப்போதடி அவரிடம் சொன்னாய்? சும்மா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோதா, இல்லை, நீ படுக்கையில் விழுந்து, இனி வீட்டை அவர்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகா? முதலில் பொறாமையாக இருந்தது. அப்புறம் அழுகை வந்தது.

"ஆமா பாய், நீங்களும் மிசுருதான்," என்றேன். நீதான் ஜெயித்தாய், போ.

இங்கே என் வீட்டில் இவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் பந்தியில்தான் உட்காருகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்டியை இவர் கையில் கொடுத்துவிட்டு நான் முதலில் உட்காரப் போகிறேன். முறைப்பார், முறைக்கட்டும். அன்றைக்குச் சட்டியை வழிப்பது இவராக இருந்தால், அந்தப் பேரைச் சொல்லி இவரைக் கூப்பிடுவேன். சிரிக்க மாட்டேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

அன்றைக்குச் சிரித்துவிட்ட உன் அக்கா,
கஸ்தூரி