போராக்கும் என் மாமனாரும்

ஜவ்வாது மலை
டிசம்பர் 10

அன்புள்ள குணாவுக்கு,

வாணி எழுதுவது. நானும் நலம், வயிற்றுக்குள்ளே இருப்பவரும் நலம். காலை ஐந்தரைக்கெல்லாம் உதைத்து எழுப்பிவிடுகிறார். உங்கள் முகாமில் விசில் ஊதுகிற நேரமும் அதுதான் என்று நினைக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சாமை அறுத்து வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் தருகிற ஐந்து நிமிடத்தில் பாதி “கேக்குதா, கேக்குதா” என்றே போய்விடுகிறது. அதனால் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து சாமை மில்லுக்கு வேலைக்குப் போவதில்லை. பொழுது போகாமல், நீங்கள் டிவிக்குக் கீழே துணி போட்டு மூடிவிட்டுப் போன கேம் பெட்டியைத் திறந்தேன். ‘ஏழு வாசல்’ இன்னும் ஓடுகிறது. வழக்கம்போல நைலாவை எடுத்தேன். ஒல்லி உடம்பு, நான்கு அடி வாங்கினால் விழுந்துவிடுவாள். ஆனால் அந்த நீள ஈட்டியை வைத்துக்கொண்டு யாரையும் கிட்டே சேர்க்காமல் ஆடலாம். உங்களுக்குத்தான் அந்தப் போராக்கை விட்டால் வேறு ஆளே கிடையாது. கையில் ஆயுதம் இல்லை, நடப்பதற்கே மூச்சு வாங்குகிற குண்டன், பிடித்தால் மட்டும் தூக்கி அடிப்பான். கல்யாணமான முதல் மாதமே, இந்த இரண்டு பேரும் மோதினால் யார் ஜெயிப்பது என்று பேச்சு வந்து, இரண்டு நாள் நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமா ஆறரை மணிச் செய்தி பார்க்க வந்து உட்காருவார் இல்லையா? போன வாரம் நான் ஆட்டத்தின் நடுவில் இருந்தேன். எதிரில் உங்கள் கணக்கில் இருக்கிற போராக்கைக் கம்ப்யூட்டர் ஆடிக்கொண்டிருந்தது. மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். “இன்னாம்மா அந்தக் குண்டன் சும்மா நின்னு அடி வாங்கிக்கினு கீறான்?” என்றார். கம்ப்யூட்டர் ஆடுது மாமா என்றேன். “அதுக்கு ஆடத் தெரியல. இப்புடி குடு” என்று இன்னொரு கன்ட்ரோலரைக் கையில் வாங்கினார்.

குணா, உங்கள் அப்பாவை என்னால் ஜெயிக்க முடியவில்லை.

முதல் இரண்டு நாள் எந்தப் பட்டன் எதற்கு என்றே அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பிடிக்கிற பட்டனைக் கண்டுபிடித்தார். அதோடு சரி, மற்ற பட்டன்கள் இருப்பதையே மறந்துவிட்டார். இரண்டடி நடப்பார், நிற்பார். ஒரு அடி நடப்பார், நிற்பார். அவர் நிற்கிறாரே என்று நான் பதற்றத்தில் ஈட்டியை வீசுவேன். அது எட்டாமல் போகும். ஈட்டி திரும்பி வருவதற்குள் போராக் வந்து கட்டிப்பிடித்துத் தலைகீழாகக் குத்திவிடுவான். எப்படி மாமா என்று கேட்டால், “ஆட்டப் புடிக்க ஓடுனா ஆடும் ஓடும். வேற எங்கியோ போற மாரி போவணும்” என்கிறார். நைலா அவருக்கு ஓர் ஆடாம். அத்தை மொச்சை உரித்துக்கொண்டே சிரிக்கிறார்கள்.

இதில் ஒரு பந்தயமும் வந்து சேர்ந்துவிட்டது. தை பிறந்ததும் எங்கள் ஊர் படவேட்டில் எனக்கு வளைகாப்பு வைக்க வேண்டும் என்று எங்கள் அம்மா துடிக்கிறார்கள். மாமா வர மாட்டேன் என்றுவிட்டார். நம் கல்யாணத்தன்று எங்கள் அப்பா, “மலைக்காரங்களுக்கு மைக்செட்டு சத்தம் ஒத்துக்காது, கொஞ்சம் தள்ளி உக்கார வைங்க” என்று சொல்லி, உங்கள் சனத்தை ஜெனரேட்டர் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாரே, அதை மாமா இன்னும் மறக்கவில்லை. நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஐந்து ஆட்டம் என்று முடிவாயிற்று. நான் ஜெயித்தால் அவர் படவேட்டுக்கு வர வேண்டும். அவர் ஜெயித்தால் குழந்தை பிறக்கும்வரை ஆறரை மணிக்கு டிவி பக்கம் நான் போகக் கூடாது. மாட்டுப் பொங்கலன்று மதியம் ஆட்டம்.

பொங்கலுக்கு முன்னாலேயே பதில் வர வேண்டும். போராக்கை எப்படி அடிப்பது என்று போராக்கை ஆடுகிறவருக்குத்தானே தெரியும்? லீவு பற்றி யாரிடமாவது பேசினீர்களா என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாணி


பயிற்சி முகாம், ராஜஸ்தான்
டிசம்பர் 24

அன்புள்ள வாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவா, கன்ட்ரோலரா? மூன்று முறை படித்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பத்து ஆட்டம் ஆடினால் ஆறு நைலாவுடையது, நான்கு போராக்குடையது. அன்றும் இதைத்தான் சொன்னேன், நீதான் எட்டுக்கு இரண்டு என்று சண்டை போட்டாய். நீ தோற்பது நைலாவால் இல்லை, உன் அவசரத்தால். ஈட்டியை முழு நீளத்துக்கு வீசாதே, பாதி நீளத்துக்குக் குத்து. அது சீக்கிரம் திரும்பும். அவர் நின்றால் நீயும் நில். போராக்கின் பிடியைத் தடுக்க முடியாது, குதித்துத்தான் தப்ப வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் மூலையில் போய் மாட்டிக்கொள்ளாதே. புரியாமல் போகுமோ என்று ஒரு தாளில் படம் போட்டேன்.

அந்தப் படத்தை இத்துடன் வைக்க முடியவில்லை. வரைந்துகொண்டிருக்கும்போது எங்களுக்குப் பயிற்சி தருகிற உஸ்தாத் வந்துவிட்டார். அம்புக்குறி, தூரம், மூலை என்றெல்லாம் இருந்ததைப் பார்த்து, என்ன இடம் இது, யார் இந்தப் போராக் என்று நிற்கவைத்து விசாரித்தார். கேம் என்றேன். அதை எல்லோர் முன்னாலும் இந்தியில் விளக்கச் சொன்னார். என் இந்தி உனக்குத் தெரியும். விளக்கி முடித்ததும் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைப் பத்து சுற்று ஓடினேன். சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு, உன் மனைவி ஏன் முதலிலேயே குதிக்கக் கூடாது என்று கேட்டார். இப்போது நாங்கள் தங்கியிருக்கும் பாரக்கில் பாதிப் பேர் உன் கட்சி, பாதிப் பேர் அப்பா கட்சி. பக்கத்துக் கட்டில் மணிப்பூர்க்காரன், மாமனாரை ஜெயிப்பது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

லீவு கேட்டேன். பயிற்சி முடிகிறவரை இல்லை என்றார்கள். வேளைக்குச் சாப்பிடு. பூண்டுக் குழம்பு உனக்குப் பிடிக்காது என்று தெரியும், அம்மா செய்து தந்தால் கொஞ்சமாவது சாப்பிடு.

அன்புடன்,
குணா


படவேடு
ஜனவரி 27

அன்புள்ள குணாவுக்கு,

ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குப் படைத்துவிட்டு, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தோம். அத்தைதான் நடுவர். நீங்கள் சொன்னபடியே பாதி நீளத்துக்குக் குத்தினேன், அவர் நின்றால் நானும் நின்றேன். “இன்னாம்மா, இன்னிக்கி ஆடு நின்னுக்கினே கீது” என்றார் மாமா. ஆளுக்கு இரண்டு ஆட்டம் வந்தது. ஐந்தாவதில் போராக்கின் உயிர் ஒரு நூல் அளவுக்குத்தான் பாக்கி, எனக்குப் பாதி இருந்தது. ஒரே ஒரு குத்து போதும். அந்த நேரம் பார்த்து உங்கள் வாரிசு விலாவில் ஒரு உதை விட்டது. என் கட்டைவிரல் நழுவியது. முழு ஈட்டியும் போனது. போராக் என்னைத் தூக்கி அடித்தான். எழுந்திருப்பதற்குள் மறுபடியும் தூக்கினான். முடிந்தது.

சரி மாமா, டிவி உங்களுக்கு என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். மாமா எழுந்திருக்கவில்லை. “இது செல்லாது. புள்ள உள்ள இருந்து எனக்கு ஒத்தாசை பண்ணிட்சி. மறுக்கா ஆடு” என்றார். தோற்றது தோற்றதுதான் மாமா என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. மூன்று நாள் இதே பேச்சு. ஜெயித்தவர் ஜெயிக்கவில்லை என்கிறார், தோற்றவள் தோற்றேன் என்கிறாள், இது என்ன வீடு என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் என் தம்பி ரமேஷ் போன் செய்தான். அவனும் இதே ஆட்டத்தில் கிவோ என்கிற முகமூடிக் குள்ளனை ஆடுகிறவன். கதையைச் சொன்னதும், “போராக்கா? ஆடத் தெரியாதவன் எடுக்குற ஆளு அது, அக்கா. குணா மாமா வேற எப்பவும் அதத்தான எடுப்பாரு” என்று உங்களையும் சேர்த்துச் சிரித்தான். ஸ்பீக்கரில் இருந்தது. மாமா கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

“யாரும்மா அது?”

“ரமேஷ், மாமா.”

“எங்க கீறான்?”

“படவேட்டுலதான்.”

வந்த வழியே வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளை வேட்டி கொடியில் காய்கிறது. வளைகாப்புக்கு எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று அத்தையிடம் கேட்டாராம். காருக்கும் அவரே சொல்லிவிட்டார். கன்ட்ரோலரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் டிரைவரிடம், மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா என்று சொல்லியபடியே வந்தார்.

வரும் வழியில் அத்தை என் காதோடு ஒன்று சொன்னார்கள். மாமா பெயரிலேயே கேமில் புதிதாக ஒரு கணக்கு திறந்து தருகிறேன் என்று நான் ஒருநாள் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். ஏதோ பிடிவாதம் என்று நினைத்தேன். போராக் வந்து நிற்கும்போது மேலே ஆங்கிலத்தில் GUNA என்று வரும் இல்லையா? மாமாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் நீங்கள் கிளம்பியபோது உங்கள் டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் அந்த நான்கு எழுத்தையும் எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்தானே. செய்தி பார்க்க வந்த அன்று திரையில் அதே எழுத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் கன்ட்ரோலரைக் கேட்டாராம்.

அதைக் கேட்டபின் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். வாந்தி வருகிறதோ என்று நினைத்து மாமா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னார்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. முழங்கை வரை வளையல். சாப்பாடு முடிந்ததும் மாமாவும் ரமேஷும் உட்கார்ந்தார்கள். நான் ரமேஷின் கேம் பெட்டியில் உங்கள் கணக்கைத் திறந்து கொடுத்தேன். முதல் ஆட்டத்தில் கிவோ துள்ளித் துள்ளி அடித்து மாமாவை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான். இரண்டாவதில் மாமா அவனைத் துரத்துவதை நிறுத்தினார். குள்ளன் குதித்து எங்கே இறங்குவானோ அங்கே போய் நின்றுகொண்டார். இறங்க இறங்கப் பிடித்தார். மூன்றாவதும் அப்படியே. ரமேஷ் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் அப்பா வாசலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர், உங்களுக்கே தெரியும். உள்ளே வந்து, “சம்பந்தி, அந்தக் குண்டன் யாரு?” என்று மெதுவாகக் கேட்டார்.

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எம்புள்ள” என்றார்.

அப்பா மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றார். இருட்டுவதற்கு முன் மலையேற வேண்டும் என்று அத்தை மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் மாமா எழுந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அவராகவே மறுபடி இறங்கி வந்தார், என்னைப் பார்க்கத்தான் என்றார். பார்த்தார். ஐந்து நிமிடம். அப்புறம் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா எந்தப் பட்டனை அழுத்தினாலும் மாமா திட்டுகிறார். அப்பா வாங்கிக்கொள்கிறார்.

மாசி கடைசியில் என்று டாக்டரம்மா தேதி சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பயமெல்லாம் இல்லை. இங்கே கவனித்துக்கொள்ள நான்கு பேர் இருக்கிறார்கள். லீவு இல்லை என்று எழுதியிருந்தீர்கள், புரிகிறது. ஆனாலும் அந்த உஸ்தாத் நைலாவுக்காகப் பேசியவர்தானே, அவரிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். பிரசவத்துக்கு முடியாவிட்டால் பெயர் வைக்கிற அன்றைக்காவது. நீங்கள் வராவிட்டால் இந்த இரண்டு தாத்தாக்களும் சேர்ந்து போராக் என்றே வைத்துவிடுவார்கள். பெண் பிறந்தாலும் அதைத்தான் வைப்பார்கள். என்னால் தனியாக இவர்களைத் தடுக்க முடியாது குணா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எண்ணி,
வாணி