குறைந்துகொண்டே வந்த எண்ணெய்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஆய்வகத்தில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரிலிருந்து எரிபொருளுக்கு எண்ணெய் எடுக்கிறோம். குப்பியில் நான் எடுத்து வைத்த எண்ணெயின் எடை தினமும் குறைந்தது. பக்கத்து மேசைக்காரிமேல் சந்தேகம். யாராவது திறந்தால் தெரியட்டும் என்று, குப்பி இருந்த அலமாரிக் கதவின் இடுக்கில் என் தலைமுடி ஒன்றை ஒட்டி வைத்தேன். முடி அப்படியே இருந்தது. எடை மறுபடி குறைந்திருந்தது. அவளிடமே கேட்டுவிட்டேன்.

“என்னையா சந்தேகப்பட்டே? எண்ணெயைப் பிரிக்க ஊத்தின கரைப்பான் முழுசா ஆவியாகறதுக்குள்ள எடை போட்டா, குறையத்தானே செய்யும்!”

அசடு வழிந்தேன்.

ஆனாலும் சந்தேகப் புத்தி மாறவில்லை, அப்பா. மூன்று கடிதங்களாக ‘அம்மா நலம்’ என்று நீங்களேதான் எழுதுகிறீர்கள். அடுத்ததில் அம்மா கையெழுத்தில் ஒரு வரி வேண்டும். நலம் என்றுகூட வேண்டாம். என்னைத் திட்டி எழுதினால் போதும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்