சிலையக்காவுக்கு இடைவேளை கோரி

அனுப்புநர்:
இரண்டாம் ஆண்டு மாணவி,
கலை வரலாற்றுப் பிரிவு,
அறை 14, மகளிர் விடுதி.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
நுண்கலைக் கல்லூரி.

பொருள்: மெய்நிகர் கலை வரலாற்று வகுப்பில் என் தாயாரின் உருவம் நிறுத்தப்படும் முறை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இக்கல்லூரியின் உருவ வரைதல் வகுப்பில் என் தாயார் பத்தொன்பது ஆண்டுகள் மாடலாக இருந்தார். எல்லோருக்கும் அவர் சிலையக்கா. “சும்மா உக்காந்திருக்கிறதெல்லாம் ஒரு வேலையாக்கா?” என்று கேட்பவர்களிடம், “நீ அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து காட்டுடி, பாப்போம்” என்பார். எட்டு மாதங்களுக்கு முன் காலமானார்.

2. அதற்கு முந்தைய ஆண்டு, கேமராக்கள் சூழ்ந்த அறையில் அவரது உடல் முப்பரிமாணத்தில் பதிவு செய்யப்பட்டது. ஒப்புதல் படிவத்தில் அவரே கையெழுத்திட்டார். அதை நான் மறுக்கவில்லை. அவரால் இடது முழங்காலை முழுதாக நீட்ட முடியாது. பதிவில் அது பிழை எனக் கொள்ளப்பட்டுத் திருத்தப்பட்டுள்ளது.

3. இப்பருவம் முதல் மெய்நிகர் கண்ணாடி அணிந்து, ஒரே உடலை ஒவ்வொரு காலத்துச் சிற்பியும் ஓவியரும் எப்படிக் கண்டிருப்பார்கள் என்று பார்க்கிறோம். நல்ல பாடம். புத்தகத்தில் பிடிபடாத பலவும் அதில் பிடிபட்டன. அந்த உடலின் முகம் மழுக்கப்பட்டிருக்கிறது. வலது முன்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு அப்படியே இருக்கிறது. அதை வைத்துத்தான் அது என் தாயார் என்று அறிந்தேன்.

4. சென்ற செவ்வாயன்று நடனச் சிற்பங்கள் பாடம். இடது காலை நேராக ஊன்றி, வலது காலைத் தூக்கியபடி அவர் ஐம்பது நிமிடங்கள் நின்றார். “அக்காவுக்குக் கால் மரத்துப் போயிருக்கும்பா, யாராச்சும் இறக்கி விடுங்க” என்று பின்னாலிருந்து ஒரு மாணவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அது யாருடைய உருவம் என்று அந்த மாணவருக்குத் தெரியாது. நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. பார்த்ததை வரைந்து கொடுத்தேன். பத்துக்கு ஏழு.

5. துறைத்தலைவரிடம் நேரில் தெரிவித்தேன். “அது உங்கம்மா இல்லம்மா, டேட்டா. டேட்டாவுக்கு வலிக்காது” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

6. உருவத்தை நீக்குமாறு நான் கேட்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் ஓய்வு என்பது வரைதல் அறையின் விதி. கதவுக்குப் பின்னால் இன்றும் ஒட்டியிருக்கிறது. அவ்விதியை மென்பொருளிலும் சேர்த்து, அந்த ஐந்து நிமிடம் அவரை நாற்காலியில் அமர்த்தவும், இடது முழங்காலை முன்பிருந்தபடியே மாற்றித் தரவும் ஆணையிட வேண்டுகிறேன்.

இதனால் பாடம் தடைபடாது. ஓய்வு முடிந்ததும், தரையில் பாதத்தைச் சுற்றிப் போட்ட சாக்பீஸ் கோட்டுக்குள் அவரே வந்து நின்றுகொள்வார். பத்தொன்பது ஆண்டுகளில் யாரும் அவரைக் கூப்பிட வேண்டியிருந்ததில்லை.

இடம்: மகளிர் விடுதி
நாள்: மார்ச் 12

இங்ஙனம்,
(கையொப்பம்)
சிலையக்காவின் மகள்