சாருடைய மீன்தொட்டியில் தண்ணீர் தெளிந்த விதம்

அன்புக்குரிய சாருக்கு,

புத்தூரே உங்களை சார் என்றுதான் சொன்னது. கல்யாணமான புதிதில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நானும் சார் என்றேன். அதுவே நிலைத்துவிட்டது. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் பெயரை எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.

போன வாரம் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். தெலுங்குக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசவும் படிக்கவும் செய்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் நான் பள்ளிக்குக் கொடுத்த உங்கள் மீன்தொட்டியைப் பற்றித்தான் பேச்சு. அதைத் தன் அறை ஜன்னலில் வைத்திருக்கிறாராம். தண்ணீர் பச்சையாகிக்கொண்டே இருக்கிறதாம், மீன் இருப்பதே தெரியவில்லையாம்.

"சார் இருந்தப்ப தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. சார் சொன்னபடியே தேத்தாங்கொட்டை உரைச்சுத்தான் ஊத்தறோம். ஒண்ணும் ஆவல" என்றார். சார் அந்தத் தொட்டியை எப்படி வைத்திருந்தார் என்று நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால், பள்ளி ஆண்டு மலரில் உங்கள் நினைவாகப் போடுவார்களாம். அதையே ஒரு அட்டையில் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டவும் மாட்டுவார்களாம்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள் என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்த வருஷம்தானே அந்தத் தொட்டியை மெட்ராஸிலிருந்து ரயிலில் கொண்டுவந்தீர்கள்? இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, ஆறு தங்க மீன். நான் உள் அறைச் சுவரோரம் வைக்கலாம் என்றேன். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாமா என்று கேட்டு, கிழக்கு ஜன்னலில் வைத்தீர்கள். காலை வெயில் பதினொரு மணி வரைக்கும் நேராக அதன் மேல் விழும். பத்தாம் நாள் தண்ணீர் கீரை அலசின நிறத்துக்கு வந்துவிட்டது.

அதற்கு நீங்கள் கண்ட வழி, ஞாயிற்றுக்கிழமை தோறும் மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டுவது. கொட்டுவது நீங்கள். கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நிரப்புவது நான். நீங்களும் வாத்தியார், நானும் டீச்சர்; ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு வருகிற ஞாயிறு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். புதன்கிழமை வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். வியாழன் மறுபடி பச்சை கட்டும்.

அப்புறம்தான் தேத்தாங்கொட்டை. கலங்கல் தண்ணீரில் அதை உரைத்து விட்டால் மண் அடியில் படிந்துவிடும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பச்சையும் ஒரு கலங்கல்தானே என்று இரண்டு பேருமே நினைத்தோம். அந்தத் தப்பில் எனக்கும் பங்குண்டு, உட்கார்ந்து உரைத்தது நான்தான். பாசி மண் இல்லை, அது உயிருள்ளது, வெயிலைத் தின்று வளர்கிறது என்று ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய எனக்கே அன்றைக்குத் தோன்றவில்லை.

அது பலிக்காமல் போகவும், கிணற்றுக்குப் போடுவதுபோல் ஒரு சுண்ணாம்புக் கல்லைத் தூக்கிப் போட்டீர்கள். மூன்று மீன் செத்தது. கேட்டவர்களிடம் வெக்கையில் போய்விட்டது என்றீர்கள். நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

தண்ணீர் தெளிந்தது நீங்கள் ஊரில் இல்லாதபோது. தெலுங்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று பதினைந்து நாள் திருப்பதியில் போய்த் தங்கினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் தனியாக இருக்கிறேனே என்று ஜன்னல் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். தீனி போடவும் பாதி நாள் மறந்துவிட்டேன். ஐந்தாம் நாள் பார்த்தால் தொட்டியின் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிகிறது. இரண்டு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றை அடுக்களை மூலையிலும் வைத்தேன். நாலு நாளில் விடை வந்துவிட்டது: வெயிலில் வைத்தது பச்சை கட்டியது, மூலையில் வைத்தது தெளிவாகவே நின்றது.

ஹெட்மாஸ்டர் அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். நேர் வெயில் தொட்டியில் படக்கூடாது. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுக்குத்தான் தீனி. மிச்சம் விழுந்தால் அது மீனுக்கு இல்லை, பாசிக்கு. தண்ணீரை மொத்தமாகக் கொட்டாமல், வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடுத்துவிட்டு, முதல் நாளே அண்டாவில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். ஏரியில் கிடைக்கிற வேலம்பாசிக் கொடியில் நாலு கொத்து நட்டு வைத்தால், மீன் கழிவை அது எடுத்துக்கொள்ளும், பச்சைப் பாசிக்கு ஒன்றும் மிஞ்சாது. கண்ணாடியில் படிவதைத் தேங்காய் நாரால் துடைக்க வேண்டும், சோப்பு ஆகாது. நாலைந்து நத்தை இருந்தால் நல்லது. மிகவும் பச்சையாகிப் போனால் தொட்டியைச் சாக்கால் மூடி ஐந்து நாள் இருட்டில் வைக்க வேண்டும்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். தண்ணீரைப் பார்த்தீர்கள். "பாத்தியா, என் வைத்தியம் இப்பதான் வேல செய்யுது" என்றீர்கள். நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன். உங்கள் காதில் அது விழவே இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, தெருவில் போனவரைக் கூப்பிட்டு, தேத்தாங்கொட்டையின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தீர்கள்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மறுநாளிலிருந்து, நீங்கள் பள்ளிக்குக் கிளம்பினதும் ஜன்னலுக்கு ஒரு சாக்கு கட்டிவிட்டு நான் கிளம்புவேன். சாயங்காலம் உங்களுக்கு முன்னால் வந்து அதை அவிழ்த்து மடித்து வைத்துவிடுவேன். ஏழு வருஷம் இப்படி நடந்தது. ஒரு நாளும் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஊர் உங்களை மீன் சார் என்றது, உங்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

அந்த வருஷங்களில் எல்லைப் போராட்டப் பேச்சாளர் என்று உங்களுக்கு இன்னொரு பேரும் இருந்தது. எல்லைக் கூட்டம் எங்கே நடந்தாலும் நீங்கள் பேசாமல் முடியாது. புத்தூரும் நகரியும் மெட்ராஸோடு சேர வேண்டும், நம் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்று கடைத்தெருவில் பெஞ்சு மேல் ஏறி நின்று பேசுவீர்கள். நானும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. உங்களுக்காக நானும் சாப்பிடவில்லை.

நம் பள்ளியை நடத்திய சபைக்குத் திருத்தணியிலும் ஒரு பள்ளி இருந்தது நமக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். புத்தூரில் தமிழ்ப் பிரிவு இனி நிற்காது, விருப்பமுள்ள தமிழ் டீச்சர்கள் திருத்தணிக்கு மாறிக்கொள்ளலாம் என்று சபை சொன்னது. தெலுங்குப் பரீட்சை எழுதியிருந்ததால் உங்களுக்கு இங்கேயே இடம் இருந்தது. நமக்குப் பிள்ளை இல்லை. என் வகுப்புதான் எனக்கு எல்லாம். போகிறேன் என்று சொன்னேன், நீங்களும் சரி என்றீர்கள். ரயிலில் போனால் எவ்வளவு தூரம், வேண்டுமானால் குடியே மாறிவிடலாம் என்றுகூடப் பேசினோம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, நாரால் மூலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளோடு வந்து நின்றீர்கள். தெலுங்கில் எழுதியிருந்தது. எனக்கு அப்போது தெலுங்கு பேச வரும், படிக்க வராது. என்னது இது என்று கேட்டேன்.

"திருத்தணி காயிதம்தான். இன்னா பாத்துக்கினு கீற, கையெழுத்து போடு" என்றீர்கள்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். ஈரம் பட்டு ஓரத்தில் மை கொஞ்சம் பரவியது. நீங்கள் ஊதிக் காயவைத்து எடுத்துக்கொண்டு போனீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆனால் தாளை நீட்டியது என் வீட்டுக்காரர் ஆயிற்றே.

பள்ளி திறந்தபோது தமிழ்ப் பிரிவு இல்லை. மற்ற இரண்டு டீச்சர்களும் திருத்தணிக்குப் போய்விட்டிருந்தார்கள். எனக்கு உத்தரவு வரவில்லையே என்று சபைக் காரியதரிசியிடம் போய் நின்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "மீரே ராசி இச்சாரு கதம்மா" என்றார். நீங்களேதானே எழுதிக் கொடுத்தீர்கள் என்று. என் கையெழுத்தை எடுத்துக் காட்டினார். மை பரவிய கையெழுத்து.

வீட்டுக்கு வந்தேன். நீங்கள் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னீர்கள்.

"நீ போய்ட்டா இந்தத் தொட்டிய யாரு பாத்துக்கிறது?"

நம் குடும்ப வாழ்க்கையில், அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்று நீங்கள் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். எது காரணம் என்றுதான் இன்று வரை தெரியவில்லை. வந்த வருஷமே ஹெட்மாஸ்டர் ஆனீர்களே, அதற்காகவா? பெஞ்சு மேல் ஏறிப் பேசியவர் இங்கே உட்கார்ந்துகொண்டு பெண்சாதியை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார் என்று ஊர் சிரிக்கும் என்றா? இல்லை, நான் அங்கே போய் என் சம்பளத்தில் இருந்துகொண்டால் திரும்பி வரமாட்டேன் என்று பயந்தீர்களா? பயம் என்று சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன் சார். சொல்லிக் கேட்டிருக்கலாமே.

அன்றைக்கே ஒரு முதல் வகுப்புத் தெலுங்குப் புத்தகம் வாங்கினேன். ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நாற்பது வயதில் அ, ஆ எழுதினேன். எட்டு மாதம் கழித்து மறுபடி சபைக்குப் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தேன். என் கணவரோடு இந்த ஊரிலேயே இருக்க விரும்புகிறேன். திருத்தணிக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. தமிழ்ப் பிரிவு எடுபட்டால் இங்கே வேறு வேலை கேட்கமாட்டேன். குமாஸ்தா எழுதியது என்று நினைத்திருந்தேன். உங்கள் எழுத்து. திருப்பதியில் நீங்கள் இருந்த அந்தப் பதினைந்து நாளில் இங்கே நான் தண்ணீரைத் தெளிய வைத்தேன், அங்கே நீங்கள் இதை எழுதப் பழகிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

அதன் பிறகும் ஏன் தொட்டியைப் பார்த்துக்கொண்டாய் என்று யாராவது கேட்கலாம். ஒரு வாரம் விட்டுத்தான் பார்த்தேன். சாக்கு கட்டவில்லை, நார் எடுக்கவில்லை. தண்ணீர் திரிந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீங்கள் தேத்தாங்கொட்டை தேடிக்கொண்டிருந்தீர்கள். மீன் என்னிடம் எந்தத் தாளை நீட்டியது? எட்டாம் நாள் சாக்கைக் கட்டினேன்.

நீங்கள் மார்வலி வந்து விழுந்தபோது அழுதேன். பொய் அழுகை இல்லை. உங்களுக்குக் கஞ்சி கரைத்து ஊட்டிய பதினோரு நாளும், எதையாவது சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி நாள் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தீர்கள். "தண்ணி நல்லா தெளிவா கீது" என்றீர்கள். எனக்கு வேறு வார்த்தை வேண்டியிருந்தது.

நேற்று, இதுவரை எழுதியதை ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எதிரிலேயே படித்தார். பாசியைப் பற்றிய இடத்தை இரண்டு தரம் படித்தார். அந்தத் தாள் வருகிற இடத்தில் நிமிர்ந்து, மலரில் இது வேண்டுமா அம்மா, சாருக்கு மரியாதையாக இருக்காதே என்றார். தெலுங்குப் பக்கத்துக்கு மொழிபெயர்க்கும்போது அதை மட்டும் பக்குவமாக விட்டுவிடலாம் என்றார். நான் பையிலிருந்து இன்னொரு கட்டுத் தாளை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன். தெலுங்கிலும் நானே எழுதியிருக்கிறேன் சார். ஒரு வரி விடவில்லை. போட்டால் இரண்டையும் முழுசாகப் போடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் வெகு நேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

போடுவாரோ மாட்டாரோ, தெரியாது. இனி வாரம் ஒரு நாள் பள்ளிக்குப் போய் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்வேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்கும் சொல்கிறேன். அந்த மீன்களைச் சாக விடமாட்டேன். உங்களை மன்னிக்கவும் மாட்டேன். இரண்டும் சத்தியம்.

உங்கள் பெண்சாதி,
சரோஜா டீச்சர்