லட்டு ஒட்டும் இடத்தில் பெயர்

8 செப்டம்பர் 2006, வெள்ளி

ரிடையரானபின் நான் வேலை பார்ப்பது என் மகளின் கணவரான மாப்பிள்ளையின் குரோம்பேட்டை ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில். அங்கே இன்று முதல்முறையாக முடியாது என்றேன். கல்யாண லட்டுப் பெட்டிக்குள், அடிப்பக்கத்தில், மணமக்கள் பெயர் அச்சடிக்க வேண்டுமாம். லட்டை எடுத்ததும் பெயர் தெரியுமாம். அந்த மை உணவில் படக்கூடாது. நேற்று சிவப்பு மையில் அச்சடித்த மாதிரிப் பெட்டியில் ஒரு லட்டை வைத்துப் பார்த்தேன். இன்று காலை அதன் அடியில் சிவப்பு ஒட்டியிருந்தது.

"மூடியில போடலாம் மாப்பிள்ளை."

"கஸ்டமர் கேட்டது அடியில, மாமா. உங்க கெமிஸ்ட்ரி கிளாஸ்லாம் ரிடையராயிடுச்சு. லட்டு திங்கறவன் திருப்பியா பாக்கப் போறான்?"

கடையே சிரித்தது. நான் அந்த லட்டை நீட்டினேன்.

"அப்ப நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் வாங்கவில்லை. "சாயந்திரத்துக்குள்ள அடிச்சு வைங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடிக்கான பெயர் ஏற்றியிருந்த வலைச் சட்டத்தை, அந்த ஸ்கிரீனை, பெயர் அழியும்வரை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டேன்.

சாயந்திரம் வந்து காலி ஸ்கிரீனைப் பார்த்தவர், ராத்திரி சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்துவிட்டார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருப்பது அவர்கள் வீட்டில்தான். செய்தது அதிகமோ என்று தோன்றுகிறது. இருக்கட்டும். நாளை மூடிக்கான ஸ்கிரீனை நானே தயார் செய்வேன். பெட்டியின் அடிக்கு அவர் மறுபடி பெயர் ஏற்றினால், மறுபடி கழுவுவேன்.