என் காருக்கு அல்மாட்டியில் இருக்கும் இன்னொரு எஜமானர் குறித்து

அனுப்புநர்:
ஒர்மோன்பெக் சாதிர்குலோவ்,
கல்யாண விருந்து நடத்துநர்,
வாதுமைத் தெரு, அக்-காப்கா, கிர்கிஸ்தான்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம், அக்-காப்கா.

பொருள்: தங்கள் அலுவலகத்தில் என் பெயரில் பதிவான மின்சாரக் கார், பழைய உரிமையாளரின் கைபேசிக்கு இன்றும் கட்டுப்பட்டு நடப்பது – அத்தொடர்பைத் துண்டித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கல்யாண விருந்துகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, யார் எழுந்து வாழ்த்த வேண்டும், யார் போதும் என்று உட்கார வேண்டும் என ஆட்டிவைப்பது என் தொழில். முந்நூறு பேரை அடக்கத் தெரிந்த நான், ஒரு காரை அடக்க முடியாமல் தங்கள் முன் நிற்கிறேன். சுருக்கமாக எழுதச் சொல்லி என் மனைவி புருல்சா கேட்டுக்கொண்டிருக்கிறாள். முயல்கிறேன்.

2. மேற்படி காரை இந்த வசந்தத்தில், பழைய கார்ச் சந்தையில் ஒரு தரகரிடம் வாங்கினேன். "அண்ணே, இது போனுக்குள்ள அடங்குற குதிரை. நீங்க கூப்பிட்டா வரும்" என்றார். வேறு யார் கூப்பிட்டாலும் வருமா என்று நான் கேட்கவில்லை. கதவுக் கண்ணாடியில் என் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து போகிற விருந்துகளிலெல்லாம், "எங்க வீட்ல என் பேச்சைக் கேக்குறது இந்தக் கார் ஒண்ணுதான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினேன் என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. ஓரிரு வாரங்களில் கார் தன் இஷ்டத்துக்கு நடக்கத் தொடங்கியது. முற்றத்தில் ஆளில்லாமல் நிற்கும்போதே காலையில் தானாக வெப்பமூட்டிக்கொள்ளும்; ஜூன் மாதத்தில் கதவைத் திறந்தால் ரொட்டி அடுப்பைத் திறந்தது போலிருக்கும். பக்கத்து வீட்டுத் துக்கத்தில் மொல்லா தொழுகை நடத்தும்போது நீளமாக ஹாரன் அடித்தது. சாவியிலுள்ள பொத்தானை நான் உட்கார்ந்து நசுக்கியிருப்பேன் என்று எல்லோரும் என் இடுப்புச் சுற்றளவைப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு ஜின் என்று முடிவுசெய்து, ஆர்ச்சா மரக் கிளையைக் கொளுத்திக் காரைச் சுற்றிப் புகை காட்டினேன். தீங்கு விலக ஏழு ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்தில் பங்கிட்டோம். "அடுத்து என்ன, அதுக்குத் தாயத்துக் கட்டப்போறீங்களா?" என்று புருல்சா கேட்டாள். தாயத்து அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது.

4. செப்டம்பரில், மலைக்கு அப்பால் கணவாய்க் கிராமத்தில் தாய்வீட்டில் இருந்த என் மருமகள் மெயெரிமுக்கு, நாள் நெருங்குமுன்பே வலி கண்டது. மகன் வெளிநாட்டில் கூலி வேலையில் இருப்பதால் நானும் புருல்சாவும் போய் அவளை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். கணவாயில், மேய்ச்சல் முடிந்து இறங்கும் ஆட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் உத்தேசத்தில் காரை அணைத்தேன். மந்தை விலகியதும் கார் கிளம்பவில்லை. திரையில், 'இவ்வாகனம் திருடப்பட்டதாக உரிமையாளர் அறிவித்துள்ளார். தொடர்புகொள்க' என்று ஓர் எண் வந்தது. மந்தைக்காரர் குதிரை மேலிருந்தே எட்டிப் படித்துவிட்டு, "திருடுனதுதான் திருடுனீங்க, ஓடுற வண்டியாப் பாத்துத் திருடக் கூடாதா?" என்றார்.

5. அந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் எல்லைக்கு அப்பால் அல்மாட்டி நகரில் வசிக்கும் எர்ஜிகித் என்ற முதியவர். "யார்றா நீ? என் காரை எங்கடா ஓட்டிட்டுப் போற?" என்றார். காசு கொடுத்து வாங்கியது, நான் கல்யாண விருந்து நடத்துகிறவன் என்றேன். "திருடனுங்க இப்ப கல்யாணம் வேற நடத்துறானுங்களா?" என்றார். ஐயா, பதற்றத்தில் எனக்குத் தொழில் வார்த்தைதான் வாயில் வந்தது. "பெருமதிப்புக்குரிய பெரியவரே, இந்த இனிய வேளையில்…" என்று ஆரம்பித்தேன். அவர் இணைப்பைத் துண்டிக்காதது இறைவன் செயல்.

6. மெயெரிம் போனைப் பிடுங்கினாள். "தாத்தா, எனக்கு வலி தாங்கல. இந்தக் கார்லயே பெத்துக்கவா? வேணும்னா நீங்களே வந்து தொப்புள்கொடி அறுங்க" என்று கத்தினாள். அந்தப் பக்கம் நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ, அம்மாடி… இரு, இரும்மா. எந்தப் பட்டன்னு தெரியலையே. என் கண்ணாடி எங்க?" என்றார். முதலில் ஹாரன் அடித்தது. பிறகு ஜன்னல்கள் இறங்கின. டிக்கி திறந்தது. மிரண்ட ஆடுகள் மறுபடி சாலைக்கே வந்தன. ஒருவழியாகக் கார் உயிர்பெற்றது. மருத்துவமனை வாசலில், தள்ளுபடுக்கையிலேயே பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம். வழியெல்லாம் நான் அழுதேன் என்று புருல்சா சொல்லித் திரிவது உண்மைதான்.

7. எர்ஜிகித் ஐயா கெட்டவர் அல்லர். காரை விற்றபோது, தொடர்பு தானாக அறுந்துவிடும் என்று தரகர் அவரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அதே வகையில் புதுக் கார் வாங்கியிருக்கிறார். போனில் இரண்டு கார்ப் படங்கள். அவர் மூட்டுவலிக்காக ஜூனிலும் தம்முடையதைச் சூடாக்க நினைத்து என்னுடையதைச் சூடாக்கியிருக்கிறார். அன்று அவர் மகள் சொல்லாமல் புதுக் காரை எடுத்துப் போக, போனைப் பார்த்தவருக்குத் தம் கார் கிர்கிஸ் மலையில் ஏறுவதாகத் தெரிந்திருக்கிறது. நானாக இருந்தாலும் திருடன் என்றுதான் கத்தியிருப்பேன்.

8. தொடர்பை நீக்க அவரும் முயன்றார். போனிலுள்ள செயலியோ, அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்கு வரும் ரகசியக் குறியீட்டைக் கேட்கிறது. கார் நிறுவனத்தை நான் அழைத்தால், உரிமையாளரைப் பேசச் சொல்கிறார்கள்; அவர் பேசினால், அந்தப் பழைய எண்ணிலிருந்து பேசச் சொல்கிறார்கள். தரகரின் கடையில் இப்போது தர்பூசணி விற்கிறார்கள். தங்கள் அலுவலகத்தில் முறையிட்டபோது, "நம்பர் பிளேட் இருக்கா? இருக்கு. அப்ப கார் உங்களுதுதான்" என்று சொல்லி அடுத்தவரை அழைத்தார்கள். அந்தத் தகட்டைக் காரிடம் காட்டியும் பார்த்துவிட்டேன்.

9. ஆகவே, என் கார் விஷயத்தில் நான்தான் உரிமையாளர் என்று நிறுவனத்துக்கு அலுவலக முத்திரையுடன் கடிதம் அனுப்பவும், இனிப் பழைய கார்களைப் பெயர் மாற்றும்போது முந்தையவரின் தொடர்பு அறுந்ததா என்று சோதித்த பிறகே பதிவுசெய்யவும் ஆணையிடக் கோருகிறேன். எர்ஜிகித் ஐயா மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். இப்போதெல்லாம் எதைத் தொடுவதானாலும் என்னைக் கேட்டுவிட்டே தொடுகிறார். பேத்திக்குத் தொட்டிலும் அனுப்பியிருக்கிறார்.

10. ஆனால் சென்ற வாரம் அவர் போன் பொதுக் குளியலகத்தில் தொலைந்துவிட்டது. அது கிடைக்கும்வரை, அல்மாட்டியில் முகம் தெரியாத எவன் கையில் என் கார் இருக்கிறதோ என்று முற்றத்தில் காவல் நின்றேன். எடுத்தவரும் நல்லவராக இருந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐயா, இதுவரை நாங்கள் பிழைத்திருப்பது முன்பின் அறியாதவர்களின் நல்ல மனத்தால். அந்தப் பாரத்தை அவர்கள் தலையிலிருந்து இறக்கித் தங்கள் அலுவலகம் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: அக்-காப்கா
நாள்: அக்டோபர் 14

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஒர்மோன்பெக் சாதிர்குலோவ்