கரும்பலகையில் தள்ளிப்போன கல்யாணம்

தாரண வருடம், தை 9. இலுப்பூர்.

மூன்றாம் பாரம் பையன்களுக்கு இன்று இங்கிலீஷ் வகுப்பில் ‘புட் ஆஃப்’ நடத்தினேன். தள்ளிப்போடுவது என்று பொருள். புத்தகத்து உதாரணத்தில் ஒரு துரை குதிரைச் சவாரியைத் தள்ளிப்போடுகிறார். இங்கே எவன் குதிரை ஏறுகிறான்? வீட்டில் நடப்பதைச் சொன்னால்தான் பையன்களுக்கு மனத்தில் நிற்கும் என்பது என் கட்சி. நேற்று, கவனித்துக்கொள்வது என்று பொருள்படும் ‘லுக் ஆஃப்டர்’ பாடத்துக்கு எங்கள் வீட்டுப் பசுவை எழுதினேன். இன்று, “என் மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டோம்” என்று இங்கிலீஷில் பலகையில் எழுதிவிட்டேன்.

சாயங்காலம் சம்பந்தியாகப் போகிறவர் வாசலில் வந்து நின்றார். அவர் தம்பி மகன் என் வகுப்பில்தான் படிக்கிறான்.

“மாசியிலன்னு பேசிட்டு, தள்ளிப்போட்டாச்சுன்னு பய நோட்டுல எழுதியிருக்கானே. என்னங்க இது?”

செம்பில் தண்ணீர் கொண்டுவந்த என் மகள் வள்ளி, பெரியவர் நிற்பதையும் மறந்து, “நெசமாவாப்பா?” என்றாள். நிச்சயம் ஆனதிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

“அது சும்மா பாடத்துக்குங்க. கல்யாணம் மாசியிலதான்” என்றேன். அவர் சிரித்தார், தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். வள்ளி செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பிடவும் வரவில்லை.

பேசி முடிக்கும்போது அவளை ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

பலகையை அழிக்காமல் வந்துவிட்டேன். நாளைக்கும் அது அப்படியே இருக்கட்டும்.